பட்டயத்தில் ஒரு வரி

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



போன கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். கான்கிரீட் கலவை பற்றிப் பேசினேன். நாலாவது நிமிடத்தில் பின்வரிசை காபி குடிக்கப் போனது. திரும்பி வரவே இல்லை. இந்தத் தடவை செயலாளர் போனிலேயே சொல்லிவிட்டார்: "உங்க வேலையைப் பத்தி மட்டும் பேசாதீங்க சார். வேற எது வேணும்னாலும் பேசுங்க." ஆகவே, இங்கிலாந்துப் பிரபுக்களின் பட்டம் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு எப்படிப் போகிறது என்று பேசப் போகிறேன். நாமும் பட்டதாரிகள்தானே, அவர்கள் பட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

இந்த விஷயத்தில் எனக்கு ஆர்வம் வந்ததற்குக் காரணம் ஒரு தோல்வி. மூன்றாம் ஆண்டு படிக்கும்போது வெளியூரில் நடந்த வினாடி வினாப் போட்டியில் நம் அணி இறுதிச் சுற்று வரை போனது. கடைசிக் கேள்வி: இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையில் உறுப்பினரான முதல் இந்தியர் யார்? மூன்று பேரும் முழித்தோம். நான் துணிந்து ஒரு மகாராஜா பெயரைச் சொன்னேன். கோப்பை போச்சு. பஸ்ஸில் திரும்பி வரும்போது மற்ற இருவரும் என்னோடு பேசவில்லை. அந்த இருவரும் இன்று மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், இப்போது சிரிக்கிறார்கள். அன்றைக்குத் தெரியாத பெயர் அப்புறம் எனக்கு மறக்கவே இல்லை. சத்யேந்திர பிரசன்ன சின்ஹா. அவருக்குப் பிறகு அவர் மகனுக்கு என்ன நடந்தது என்று தேடப் போய்த்தான் இந்த வாரிசு விவகாரத்தில் மாட்டிக்கொண்டேன்.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். பிரபுப் பட்டத்தில் ஐந்து படிகள். மேலிருந்து கீழே ட்யூக், மார்க்வெஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன். கடைசிப் பட்டத்தை 'பேரன்' என்றும் எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் 'பேரன் பட்டம் பேரனுக்குப் போயிற்று' என்று வந்து, புரூஃப் பார்ப்பவர் நம்மைத் திட்டுவார். அதனால் பாரன் என்றே வைத்துக்கொள்வோம்.

அரசர் ஒருவருக்குப் பட்டம் தரும்போது ஒரு பட்டயம் எழுதித் தருவார். பட்டத்தின் பெயர் மட்டும் அதில் இராது. அவருக்குப் பிறகு யாருக்குப் போக வேண்டும் என்று ஒரு வரியும் இருக்கும். வழக்கமாக எழுதும் வரியின் பொருள் இதுதான்: சட்டப்படி பிறந்த, அவருடைய உடல்வழி ஆண் வாரிசுகளுக்கு.

இந்த வரியில் ஒவ்வொரு சொல்லும் ஒரு கதவு. 'ஆண்' என்ற சொல் மகள்களை வெளியே நிறுத்துகிறது. 'உடல்வழி' என்ற சொல் தத்துப் பிள்ளையை நிறுத்துகிறது. முதலில் பட்டம் வாங்கியவருடைய அண்ணன் தம்பிகளையும் நிறுத்துகிறது. 'சட்டப்படி' என்ற சொல் திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தையை நிறுத்துகிறது. வீடு, நிலம், நகை என்றால் உயில் எழுதி நமக்குப் பிடித்தவருக்குக் கொடுக்கலாம். பட்டத்தை அப்படிக் கொடுக்க முடியாது. வைத்திருப்பவருக்கு அதில் எந்தச் சொல்லும் கிடையாது.

அப்புறம் வரிசை. மூத்த மகன் தகப்பனுக்கு முன்பே இறந்துவிட்டால் பட்டம் நேரே இரண்டாவது மகனுக்குப் போகாது. மூத்தவருக்கு ஒரு ஆண் குழந்தை இருந்தால், அது தொட்டிலில் இருந்தாலும், பட்டம் அதற்குத்தான். கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் உடனே பிடித்துவிடுவார்கள்: ஒரு கிளையை நுனிவரை பார்த்து முடித்த பிறகுதான் அடுத்த கிளைக்கு வர வேண்டும்.

பட்டயம் இல்லாமல், பார்லிமெண்டுக்கு வரச் சொல்லி அரசர் அனுப்பிய அழைப்பாணையால் உண்டான பழைய பாரன் பட்டங்கள் சில உண்டு. அவை மகள்களுக்கும் போகும். ஆனால் மகன் இல்லாமல் இரண்டு மூன்று மகள்கள் இருந்தால் எல்லோரும் சமம். யாருக்கும் தராமல் பட்டத்தைத் தொங்கவிட்டு விடுவார்கள். கேமாய்ஸ் என்ற பட்டம் 1426 முதல் 1839 வரை, 413 வருஷம் அப்படித் தொங்கியது. நம் ஊர்ப் பாகப்பிரிவினை வழக்கெல்லாம் எம்மாத்திரம்!

பட்டயத்தின் ஒரு வரிக்கு எவ்வளவு பலம் என்பதற்கு நெல்சனைச் சொல்லலாம். பள்ளிக்கூடத்தில் படித்த அதே கடற்படைத் தளபதி. 1805-ல் டிரஃபால்கர் போரில் இறந்தார். சட்டப்படியான பிள்ளை இல்லை. ஹொரேஷியா என்று ஒரு மகள், திருமணத்துக்கு வெளியே பிறந்தவள். அவருடைய வைகவுண்ட் பட்டம் வழக்கமான வரியோடு தரப்பட்டது. அவரோடு அது முடிந்தது. ஆனால் 1801-ல் அவருக்குத் தந்த ஒரு பாரன் பட்டத்தின் பட்டயத்தில், அவருக்கு வாரிசு இல்லாவிட்டால் தகப்பனார் வழிக்கும் சகோதரிகளின் ஆண் வழிக்கும் போகலாம் என்று தனியாக எழுதியிருந்தது. அது பிழைத்தது. கப்பல் ஏறிச் சண்டை போடாத பாதிரியாரான அண்ணன் வில்லியம் அதைப் பெற்றார். போதாததற்கு அவரை ஏர்ல் ஆக்கி, வருஷத்துக்கு 5,000 பவுண்டு பரம்பரை மானியமும் கொடுத்தார்கள். மகள் ஹொரேஷியாவுக்குப் பட்டமும் இல்லை, அந்த மானியமும் இல்லை. ஆள் ஒருவர்தான், சாவும் ஒன்றுதான். காகிதத்தில் வரி வேறாக இருந்ததால் ஒரு பட்டம் செத்தது, ஒன்று பிழைத்தது.

இனி நம் சின்ஹாவுக்கு வருகிறேன்.

வங்காளத்தில் பீர்பூம் ஜில்லாவில் ராய்ப்பூர் என்ற ஊரில் 1863-ல் பிறந்தவர். லண்டனுக்குப் போய் பாரிஸ்டர் ஆனார். 1909-ல் வைஸ்ராயின் நிர்வாக சபையில் இடம்பெற்ற முதல் இந்தியர். சட்ட உறுப்பினர் பதவி. 1915-ல் பம்பாய் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். 1919-ல் லண்டனில் இந்தியா மந்திரிக்குத் துணை மந்திரியாக நியமித்தார்கள். அந்தப் பதவியில் பிரபுக்கள் சபையில் பேச வேண்டும் என்பதால் ராய்ப்பூர் சின்ஹா பிரபு என்று பாரன் பட்டமும் தந்தார்கள். 1919-ம் வருஷத்து இந்திய அரசாங்கச் சட்டத்தை அந்தச் சபையில் நடத்திச் சென்றவர் அவர்தான். பரம்பரைப் பிரபுப் பட்டம் பெற்ற முதல் இந்தியரும் அவரே. 1928-ல் காலமானார்.

மகன் அருண் குமார் சின்ஹா மூத்தவர். பட்டயத்திலோ அதே வழக்கமான வரி. என்ன சிக்கல் வரப்போகிறது என்று நினைப்போம். அந்தக் காலத்தில் சபையில் உட்கார வேண்டுமானால் வாரிசு தன் உரிமையை நிரூபிக்க வேண்டியிருந்தது. அப்புறம்தான் அழைப்பாணை வரும். ஒரு ஆங்கிலேயருக்கு இது பெரிய வேலை இல்லை. அம்மா அப்பா கல்யாணம் சர்ச் பதிவேட்டில் இருக்கும். பிறந்ததும் பதிவாகியிருக்கும். இரண்டு நகல் எடுத்து நீட்டினால் முடிந்தது.

சின்ஹா தம்பதியின் கல்யாணம் 1880-ல் வங்காளத்தில் இந்து முறைப்படி நடந்தது. எந்த சர்ச்சில் போய்ப் பதிவேட்டைத் தேடுவது? அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் இந்து ஆண் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரைக் கட்டிக்கொள்ளச் சட்டத்தில் தடையில்லை. இந்தியா முழுவதற்குமான தடை 1955-ல்தான் வந்தது. ஆகவே, பலதார மணத்துக்கு இடம் தருகிற ஒரு முறையில் நடந்த கல்யாணத்தில் பிறந்தவர், பட்டயம் சொல்லும் 'சட்டப்படி பிறந்த' வாரிசு ஆவாரா என்ற கேள்வி வந்தது. இரண்டு மனைவியர் இருந்து, இளையவளுக்கு முதலில் மகன் பிறந்தால் யார் மூத்த வாரிசு? இங்கிலாந்தின் வாரிசுச் சட்டத்தில் இதற்கு இடமே கிடையாது.

சின்ஹாவுக்கு ஒரே மனைவிதான். அதைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. கேள்வி அந்தக் குடும்பம் எப்படி வாழ்ந்தது என்பதல்ல. அந்தக் கல்யாணம் எந்த வகைக் கல்யாணம் என்பது.

பிரபுக்கள் சபையின் உரிமைக் குழு 1939-ல் தீர்ப்புச் சொன்னது. மகன் பிறப்பதற்கு முன்பே அம்மாவும் அப்பாவும் பிரம்ம சமாஜத்தில் சேர்ந்துவிட்டார்கள். சமாஜத்தில் ஒருவனுக்கு ஒருத்தி என்பது கண்டிப்பான விதி. அதனால் மகன் பிறந்தபோது அது ஒருதார மணமாகவே ஆகிவிட்டிருந்தது. அவர் சட்டப்படியான வாரிசுதான் என்று ஏற்றுக்கொண்டார்கள். 1928-ல் தகப்பனார் இறந்தார். 1939-ல் கதவு திறந்தது. பதினோரு வருஷம். 1887-ல் பிறந்த மகனுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.

இந்த வழக்கைப் படித்தபோது எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. தகப்பனார் வைஸ்ராய் சபையில் சட்ட உறுப்பினராக இருந்தவர். லண்டனில் மந்திரியாக அமர்ந்து இந்தியாவுக்கான சட்டத்தை நிறைவேற்றித் தந்தவர். அவருக்குப் பட்டம் தரும்போது யாரும் அவர் கல்யாணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் இறந்த பிறகு மகன் வந்து, என் தாயார் முறையான மனைவிதான் என்று நிரூபிக்க வேண்டியதாகிவிட்டது. சமாஜத்தில் சேராத சாதாரண இந்துக் குடும்பமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தத் தீர்ப்பு அதைத் தீர்த்து வைக்கவில்லை.

சின்ஹா மீது கோபம் கொண்டு யாரும் அந்த வரியை எழுதவில்லை. எத்தனையோ காலமாக எழுதி வந்ததை 1919-லும் அப்படியே எழுதிவிட்டார்கள். வாங்குகிறவர் வேறு நாட்டுக்காரர், வேறு வழக்கம் உடையவர் என்று எழுதியவர் யோசிக்கவில்லை. அவ்வளவுதான்.

பெண்கள் விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். ரோண்டா பிரபு 1918-ல் தம் வைகவுண்ட் பட்டம் ஒரே மகள் மார்கரெட்டுக்குப் போகும்படி பட்டயத்தில் விசேஷமாக எழுதி வாங்கினார். அதே வருஷம் இறந்தார்; பட்டமும் மகளுக்கு வந்தது. ஆனால் சபையில் உட்கார அனுமதி கேட்டபோது 1922-ல் மறுத்துவிட்டார்கள். பட்டம் உண்டு, நாற்காலி இல்லை. பரம்பரைப் பட்டம் வந்த பெண்கள் சபைக்குள் நுழைய 1963 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த அம்மையார் 1958-லேயே காலமாகிவிட்டார்.

அந்த 1963-ம் வருஷத்துச் சட்டம் வந்ததற்குக் காரணம் இன்னொரு மகன். சின்ஹாவின் மகன் உள்ளே வரப் போராடினார். இவர் வெளியே போகப் போராடினார். இவருடைய தகப்பனாரும் இந்தியாவோடு சம்பந்தப்பட்டவர்தான். வில்லியம் வெட்ஜ்வுட் பென், 1929 முதல் 1931 வரை இந்தியா மந்திரி. 1931-ல் காந்தியடிகள் லண்டன் போனபோது, ஆறு வயதுப் பையனாக அவரைச் சந்தித்ததை இந்த மகன் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். இவர்தான் டோனி பென்.

1942-ல் தகப்பனாருக்கு ஸ்டான்ஸ்கேட் வைகவுண்ட் பட்டம் கொடுத்தார்கள். மூத்த மகன் மைக்கேல் பாதிரியாராக விரும்பியவர். பட்டம் வருவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. இளையவர் டோனிக்கு அப்போது வயது பதினாறு. 1944-ல் விமானப் படையில் இருந்த மைக்கேல் இறந்து போனார். அடுத்த வாரிசு டோனி.

டோனி 1950-ல் பிரிஸ்டல் தென்கிழக்குத் தொகுதியில் ஜெயித்து காமன்ஸ் சபைக்குப் போனார். அப்போது பிரபுப் பட்டம் உள்ளவர் அந்தச் சபையில் இருக்க முடியாது என்ற விதி இருந்தது. அப்பா இறந்த அடுத்த நொடி மகனுடைய பதவி போய்விடும். 1955-லேயே, எனக்குப் பட்டம் வேண்டாம் என்று தனி மசோதா கொண்டுவரப் பார்த்தார். எடுபடவில்லை. 1960 நவம்பரில் தகப்பனார் காலமானார். மகனைக் காமன்ஸ் சபைக்குள் விடவில்லை. பட்டம் இரத்தத்தில் ஓடுவது, அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று 1678-லேயே பிரபுக்கள் சபை முடிவு செய்து வைத்திருந்தது.

1961 மே மாதம் இடைத்தேர்தல். அதே டோனி பென் மறுபடி நின்றார். பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். விஷயம் தேர்தல் நீதிமன்றத்துக்குப் போனது. இவருக்குத் தகுதி இல்லை என்று தெரிந்தே ஜனங்கள் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள், ஆகவே அந்த ஓட்டெல்லாம் வீண் என்று சொல்லி, தோற்ற வேட்பாளர் மால்கம் செயின்ட் கிளேரை உறுப்பினராக அறிவித்தார்கள். சட்டம் மாறினால் நான் விலகிக்கொள்கிறேன் என்று அவரும் சொன்னார்.

1963 ஜூலை 31 அன்று புதிய சட்டம் நிறைவேறியது. பட்டம் வந்த ஒரு வருஷத்துக்குள், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம். காமன்ஸ் உறுப்பினராக இருந்தவருக்கு அப்போது ஒரு மாதம்தான் அவகாசம். டோனி பென் அதே நாள் மாலையே எழுதிக் கொடுத்தார். செயின்ட் கிளேர் சொன்ன சொல் தவறாமல் விலகினார். ஆகஸ்ட் 20-ல் மறுதேர்தலில் ஜெயித்து டோனி பென் சபைக்குத் திரும்பினார்.

கூத்து என்னவென்றால், தொழிற்கட்சிக்காரர் போராடி வாங்கிய சட்டத்தால் உடனே பெரிய லாபம் அடைந்தவர் எதிர்க்கட்சிக்காரர். அதே அக்டோபரில் கன்சர்வேடிவ் கட்சி, ஹோம் என்ற பழைய ஸ்காட்லாந்துப் பட்டத்தின் 14-வது ஏர்லைப் பிரதமர் ஆக்கியது. அவர் பட்டத்தைத் துறந்து, சர் அலெக் டக்ளஸ் ஹோம் என்ற பெயரில் இடைத்தேர்தலில் நின்றார். இடையில் சுமார் இரண்டு வாரம் இங்கிலாந்துப் பிரதமர் எந்தச் சபையிலும் உறுப்பினராக இல்லை. எதிர்க்கட்சித் தலைவர் வில்சன், பதினான்காவது ஏர்ல் வந்துவிட்டார் என்று கேலி செய்தார். யோசித்துப் பார்த்தால் அவரும் பதினான்காவது மிஸ்டர் வில்சனாகத்தான் இருப்பார் என்று இவர் திருப்பிக் கொடுத்தார்.

துறப்பது ஆயுளுக்கு மட்டும்தான். பிள்ளையின் உரிமையை அப்பா அழிக்க முடியாது. டோனி பென் 2014-ல் காலமானார். பட்டம் தூங்கி எழுந்த மாதிரி மகன் ஸ்டீபனிடம் வந்தது. அவர் 2021-ல் பிரபுக்கள் சபையிலும் அமர்ந்தார். அதற்குள் சபையே மாறிவிட்டது. 1999-ல் வந்த சட்டம் பரம்பரைப் பிரபுக்களில் 92 பேரை மட்டும் வைத்துக்கொண்டு அறுநூறுக்கும் மேற்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மீதியையும் எடுக்கும் மசோதா 2024-ல் வந்தது. அரச பதவிக்கு ஆண் பெண் வித்தியாசம் வேண்டாம் என்று 2013-ல் சட்டம் போட்டார்கள். ஆனால் அது பிரபுப் பட்டங்களைத் தொடவில்லை. அங்கே பழைய வரிதான்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். ஒரு சின்ன விஷயம் சொல்லி முடிக்கிறேன். என் வேலையைப் பற்றிப் பேசக் கூடாது என்று செயலாளர் சொன்னார். இரண்டு நிமிடம் மன்னிக்க வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு சைட்டில் வேலையாட்களுக்கு அடையாள அட்டை கொடுக்க ஒரு படிவம் வேண்டியிருந்தது. அவசரம். பழைய வேலையில் பயன்படுத்திய படிவத்தை எடுத்துத் தலைப்பை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். அதில் 'தந்தை / கணவர் பெயர்' என்று ஒரு கட்டம். கீழே ஒரு வரி: எந்தக் கட்டமும் காலியாக இருந்தால் அட்டை வழங்கப்படாது. மூன்றாம் நாள் காலையில் கேட்டில் சத்தம். ஒரு சித்தாள் அம்மா இரண்டு நாளாக உள்ளே வர முடியாமல் நிற்கிறார். அவரை வளர்த்தது தாயார் மட்டும். கட்டிய புருஷன் விட்டுவிட்டுப் போய் வருஷக் கணக்காகிறது. "எங்கம்மா பேரை எழுதிக்கங்க சார், இல்லாத ஆளுங்க பேரை நான் எதுக்குச் சொல்லணும்?" என்று கேட்டார். வாட்ச்மேன் என்னைப் பார்த்து, "கட்டம் காலியா இருக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கே சார்" என்றார். எழுதியவன் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. அந்தக் கட்டத்தை அன்றைக்கே மாற்றினேன். அந்த அம்மாவுக்குப் போன இரண்டு நாள் கூலியை என் கையிலிருந்து கொடுத்தேன். ஆனால் கேட்டில் நாலு பேர் முன்னால் அப்படிக் கேட்கும்படி ஆனதை நான் எப்படித் திருப்பித் தருவது?

சின்ஹா வழக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த கேட்தான் ஞாபகம் வருகிறது. பிரபுக்கள் சபையின் வாசலும் என் சைட்டின் கேட்டும் ஒன்றா என்று கேட்டால், யாரோ யோசிக்காமல் நகல் எடுத்த ஒரு வரியால் ஒரு மனிதர் வெளியே நின்றார் என்கிற வகையில் ஒன்றுதான்.

இந்நாள் மாணவர்களே, நம் கல்லூரிப் பட்டம் யாருக்கும் பரம்பரையாக வராது. அது வரை நிம்மதி. ஆனால் அந்தப் பட்டத்தை வாங்கிக்கொண்டு நீங்கள் போகிற இடத்தில், சீக்கிரமே உங்கள் கையில் ஒரு படிவமோ ஒப்பந்தமோ விதிமுறையோ வரும். பழையதை எடுத்து அப்படியே போடச் சொல்லுவார்கள். போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு வரியையும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். இதை எழுதியபோது யாரை நினைக்கவில்லை என்று கேட்டுப் பாருங்கள். ஏற்கெனவே எழுதியாகிவிட்டது என்றால், மாற்ற முடியாது என்று நம்பிவிடாதீர்கள். 1678 முதல் மாற்ற முடியாது என்றிருந்த ஒன்று 1963-ல் மாறியது. ஒருவர் வாசலில் நின்றுகொண்டே இருந்தார், பிரிஸ்டல் ஜனங்கள் அவரோடு நின்றார்கள், அதனால் மாறியது.

இந்தத் தடவை பின்வரிசை எழுந்து போகவில்லை. அதற்கு என் தனிப்பட்ட நன்றி.